நடுவழியில் இறக்காதவர்

வேம்புவுக்கு எதையும் மனசுக்குள் படிக்க வராது. முப்பத்திரண்டாவது வயதில், விவசாயத் தொழிலாளர் சங்கக் கொட்டகையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவர். அன்று தொடங்கி எண்பத்தாறு வயதாகிற இன்றுவரை, கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் வாய்விட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரித்தான் படிப்பார். மாத்திரை அட்டை, ரேஷன் கடைப் பலகை, மினிபஸ்ஸின் நெற்றி, சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி, எதுவும் அவரிடம் தப்பாது. "படிச்சா காதுல விழணும்யா. வாயத் தொறக்காம படிக்கிறவன் படிச்சானா தூங்குனானான்னு யாரு கண்டா" என்பார்.

அதனால்தான் அந்த வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, கொத்தங்கரை பஸ் நிறுத்தத்தில், மீரா உசேன் டீக்கடைக்கு எதிரே மூங்கில் நட்டுக் கட்டியிருந்த ஃபிளெக்ஸைப் பார்த்ததும் அவருடைய மகன் செல்லதுரை முதலில் மணியைப் பார்த்தார்.

குறுவையில் களை எடுக்கிற பெண்களுக்கு டீ வாங்கிப் போக வந்திருந்தார். தூக்குவாளியை வண்டியில் மாட்டியபடியே நின்றுவிட்டார். பத்தடிக்கு எட்டடி. பென்ஷன் அட்டையில் இருக்கிற செல்லதுரையின் முகத்தை வெட்டி, யாரோ ஒரு கமாண்டோவின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். கையில் பெரிய துப்பாக்கி. பின்னால் பனிமலை, பீரங்கி, தேசியக்கொடி. கழுத்துக்கும் முகத்துக்கும் நிறம் சேரவில்லை. அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. அவரை நிறுத்தியது கீழே இருந்த எழுத்து.

'கார்கில் போரில், காயம்பட்ட வீரர்களை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிச் சுமக்கும் பணியில் ஈடுபட்டு, எதிரியின் குண்டு மழையில் ஏழு பேரைச் சுமந்து வந்து, சேனா பதக்கம் பெற்ற நம் ஊர் மைந்தர் ஹவில்தார் வே. செல்லதுரை அவர்களை...'

அதற்கு மேல் படிக்க முடியவில்லை. தூக்கிச் சுமக்கும் பணி. இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக வீட்டு வாசலைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொண்ட சொல். மாலை நாலு மணிக்கு வேம்பு டீ குடிக்க வருவார். நேராக இதற்கு எதிரில் வந்து நிற்பார். படிப்பார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

ஊரில் அவர்கள் வீட்டுக்குப் பெயரே 'துப்பாக்கிக்காரர் வீடு'. அந்தப் பெயரை வைத்தது வேம்பு. பதக்கச் செய்தி வந்த வருஷம், மகன் மலைமேல் நின்று சுட்டதில் எதிரிகள் மூன்று பேர் விழுந்ததாக டீக்கடையில் சொன்னார். மகன் லீவில் வந்தபோது அந்த மூன்று பேரும் ஊரில் நிலைபெற்றிருந்தார்கள். கல்யாணத்தின்போது ஐந்தானார்கள். பென்ஷனில் வந்தபோது ஒன்பது. இப்போது பன்னிரண்டு. பட்டாளத்திலிருந்து வந்து ஒரு வங்கியில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு காவலுக்கு உட்கார்ந்ததும் செல்லதுரையால் வாயே திறக்க முடியாமல் போயிற்று. அந்தத் துப்பாக்கியால் அவர் ஒருநாளும் சுட்டதில்லை. மலையிலும் ஒரு தோட்டா கூடச் சுட்டதில்லை.

டீயைக் கொண்டுபோய் வயலில் கொடுத்துவிட்டு, வரப்பில் நின்றபடியே பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை ஹஃப்ஸாவுக்குப் போன் போட்டார். சனிக்கிழமை கார்கில் நினைவு நாளுக்கு அவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தது அவர்தான்.

"டீச்சர், அந்த ஃபிளெக்ஸ கொஞ்சம் கழட்டிட முடியுமா?"

"ஏண்ணே? தப்பா ஏதும் போட்டுட்டமா?"

"தப்பு இல்ல. எழுத்து... கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு."

ஹஃப்ஸா சிரித்துவிட்டார். "எழுத்து ஜாஸ்தின்னு சண்டைக்கு வர்ற மொத ஆளு நீங்கதாண்ணே. எல்லாரும் எம் பேரு சின்னதா இருக்குன்னுதான் வருவாங்க. துப்பாக்கி வேணாம், ஸ்ட்ரெச்சர் படம் போடுன்னுதான் நான் சொன்னேன். ஃபிளெக்ஸ் போடுற ஆஸிம்தான் கேக்கல. துப்பாக்கி இல்லன்னா மிலிட்டரின்னு யாரு டீச்சர் நம்புவாங்கங்கிறான்."

"அந்தச் சமாச்சாரமெல்லாம் உங்களுக்கு எப்படி..."

"எழில்தான் வாட்ஸ்அப்ல அனுப்புச்சு. இங்கிலீஷ்ல இருந்துச்சு. ரெண்டு நாளு உக்காந்து தமிழ்ப்படுத்துனேன். படிக்கப் படிக்க எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டுது. கழட்டவெல்லாம் மாட்டேண்ணே. புள்ளைங்க பாக்கட்டும்."

எழில்மொழி செல்லதுரையின் ஒரே மகள். மஸ்கட்டில் நர்ஸ். போன லீவில் பீரோவைக் குடைந்தபோது பதக்கப் பெட்டியின் அடியில் இருந்த சான்றுத் தாளைப் படித்துவிட்டு, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதவள். அவளுக்குப் போன் போட்டதும், "ப்பா, தாத்தாவுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதேப்பா!" என்று அங்கிருந்தே பதறினாள்.

"சரி விடு."

"தாத்தா பிரஷர் மாத்திரை போட்டாரா? அவர் பக்கத்துல யாரு இருக்கா? ப்பா, நான் வேணா டிக்கெட் போட்டு வரவா?"

"வந்து? ஃபிளெக்ஸ மடிச்சு மஸ்கட்டுக்கு எடுத்துட்டுப் போவியா?"

"வெளையாடாதீங்கப்பா. எல்லாம் நான் அனுப்புனதால வந்தது."

நாலு மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று அவர் கணக்குப் போட்டார்.

இதற்குப் போய் ஐம்பத்தோரு வயதுக்காரர் பயப்படுவானேன் என்றால், வேம்புவின் கதை தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் கொத்தங்கரைப் பண்ணையில் பெரிய சாவு விழுந்தால் பூப்பல்லக்குத்தான். உறவுக்காரர்கள் தோள் கொடுப்பது வாசலைத் தாண்டுகிற வரைக்கும். அதற்கப்புறம் இடுகாடு வரை, வேம்பு குடியிருந்த தெற்குத்தெருவின் தோள்கள். மேளம் அடிக்கிறதும் தெற்குத்தெரு, ஊர் ஊராக நடந்து சாவு சொல்லப் போகிறதும் தெற்குத்தெரு. கூப்பிட்டால் போக வேண்டும், அவ்வளவுதான். நடவுக்காலம், சொந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் கணக்கில்லை. வேம்பு பதினாறு வயதிலிருந்து தூக்கினார். இருபத்தொன்பதாவது வயதில், பண்ணைக்காரரின் தகப்பனார் செத்தபோது, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "எங்க தோளு நெல்லுக்கட்டுக்கு. பொணத்துக்கு அவங்கவங்க பெத்த புள்ளைங்க தோளு குடுக்கட்டும்." சொன்னதோடு விடாமல் வீட்டிலிருந்த பறையைக் கொண்டுபோய் வாய்க்காலில் போட்டார். அது மிதந்து மிதந்து அடுத்த ஊர் மதகில் மாட்டிக்கொண்டது. வேம்புவைக் களத்துமேட்டில் தென்னையோடு கட்டி வைத்து அடித்தார்கள். இடது கையில் இரண்டு விரல்கள் அன்று மடங்கியவை, இன்றுவரை நிமிரவில்லை. கட்டை அவிழ்த்துவிட்ட அன்றைக்கே தெருவைக் கூட்டிவைத்துச் சொன்னார், இனி என் வம்சத்தில் ஒருத்தனும் அடுத்தவன் சொல்லித் தூக்கமாட்டான், பறை அடிக்கமாட்டான் என்று. அவர் நின்றதும் தெருவே நின்றது. பண்ணை டிராக்டர் வாங்கிப் பல்லக்கை அதில் வைத்தது. கொஞ்ச வருஷத்தில் பண்ணையும் போய்விட்டது.

செல்லதுரை பிறந்தது அதற்கு ஐந்தாறு வருஷம் கழித்து. பறையைத் தொட்டதில்லை. ஆனால் காதை என்ன செய்ய முடியும்? பக்கத்து ஊர்களில் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பத்தொன்பது வயதில் திருச்சிக்குப் போய் ஆள் எடுப்பில் ஓடிப் பட்டாளத்தில் சேர்ந்தார். பயிற்சி முகாமில் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டில் விரலால் தட்டிக்கொண்டிருந்ததை பேண்டு மாஸ்டர் கேட்டுவிட்டார். "இன்னொரு தரம் அடி" என்றார். அடித்தார். அடுத்த வாரம் அவர் பேண்டில் டிரம் அடிக்கிறவர்.

காலாட்படையில் ஒரு வழக்கம். அமைதிக் காலத்தில் பேண்டு வாசிக்கிறவர்கள், சண்டை வந்துவிட்டால் வாத்தியங்களைப் பெட்டியில் பூட்டிவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தூக்க வேண்டும். வேம்பு எந்த இரண்டை வீட்டைவிட்டு விரட்டினாரோ, அந்த இரண்டும் யூனிபார்ம் போட்டுக்கொண்டு அவர் மகனைத் தேடி வந்து சேர்ந்துகொண்டன. செல்லதுரை வீட்டுக்கு எழுதிய கடிதமெல்லாம் ஒரே கடிதம்தான். நலம், நலமறிய ஆவல், டியூட்டி நல்லபடியாகப் போகிறது.

கார்கிலில் அந்த ஜூலைக் காலை, விடிவதற்குள் முடிந்திருக்க வேண்டிய தாக்குதல் முடியவில்லை. வெளிச்சம் வந்துவிட்டது. மேலே காயம்பட்டுக் கிடந்தவர்களைக் கொண்டுவர இரண்டாம் தடவை ஏற ஆள் கேட்டார்கள். செல்லதுரை கை தூக்கினார். கூட பேண்டில் பைப் வாசிக்கிற இரண்டு பேர், பியூகிள் ஊதுகிற ஒருவர். மேலே நாயக் பதவியில் இருந்த பசவராஜ் என்பவர் கிடந்தார், பெலகாவிப் பக்கத்துக்காரர், முழங்காலுக்குக் கீழே கால் கந்தலாகியிருந்தது. கட்டுப் போட்டு, ஸ்ட்ரெச்சரில் கட்டி இறங்கத் தொடங்கினார்கள். காலை வைத்த இடமெல்லாம் கல் உருண்டது.

பட்டாளத்து டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தது ஒன்றுதான். நூறடிக்கு ஒருதரம் இறக்கு, மூச்சு வாங்கு, கட்டைப் பார், இரத்தம் வருகிறதா பார், பிறகு தூக்கு. பாதிவழியில் மேசை மாதிரி ஒரு பாறை இருந்தது. மற்ற ஸ்ட்ரெச்சர்கள் அங்கே இறக்கப்பட்டன. இவர்களும் குனிந்தபோது செல்லதுரை கத்தினார்: "எறக்காதீங்கடா!"

அவருக்கு அந்த இடத்தில் கொத்தங்கரையின் முக்கூட்டு ரோடு தெரிந்தது. இடுகாட்டுக்குப் பாதிவழியில் பாடையை அங்கேதான் இறக்குவார்கள். இறக்கி, தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பி, பிறகு தூக்குவார்கள். அதற்கப்புறம் வீட்டுப்பக்கம் முகம் கிடையாது. பசவராஜ் கண்ணைத் திறந்து கன்னடத்தில் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கிற ஒருத்தரை நடுவழியில் கீழே வைக்க செல்லதுரைக்குக் கை வரவில்லை. மற்ற மூவரும் மூன்று மொழியில் திட்டினார்கள். நடந்துகொண்டே ஒவ்வொருவராகத் தோள் மாற்றும் விதத்தைக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தார். மேலே பீரங்கி ஷெல் விழுந்தபடியே இருந்தது. மூன்று மணி நேரம். கீழே வந்ததும் டாக்டர் கேட்டார், "கட்டை எத்தனை தடவை பார்த்தாய்?" "ஒரு தடவையும் இல்லை சார்." டாக்டர் இந்தியில் திட்டிய திட்டு இன்றும் நினைவிருக்கிறது.

எதிர் முகட்டிலிருந்து தூரக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த கமாண்டிங் அதிகாரிக்கு இந்த விவகாரமெல்லாம் எங்கே தெரியும்? ஷெல் விழுகிறது, எல்லா ஸ்ட்ரெச்சரும் இறங்குகிறது, ஒன்று மட்டும் நிற்காமல் வருகிறது. அதைத்தான் அவர் பதக்கத்துக்கான சான்றில் எழுதினார். இரண்டு நாளில் ஏழு பேரை அதே மாதிரி கொண்டுவந்தார் செல்லதுரை. ஏழில் ஆறு பேர் பிழைத்தார்கள். பசவராஜுக்கு ஒரு கால் போயிற்று, பெலகாவியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பதக்கம் எதற்கு என்று யாராவது துருவினால் செல்லதுரைக்குக் கூச்சமாக இருக்கும். டாக்டர் சொன்னதைக் கேட்காததற்குக் கொடுத்தார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

மதியம் வீட்டுக்கு வந்தபோது வேம்பு சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் கட்டிலில் கிடந்தார்.

"அப்பா, சாயங்காலம் கீழ்வேளூரு போயி கண்ணு பாத்துட்டு வந்துடலாமா?"

"கண்ணுக்கு என்ன கேடு? நேத்துதான் தூரத்துல வர்ற மினிபஸ்ஸ படிச்சேன்."

"இல்ல, டாக்டரு இன்னிக்கு வர்றாராம்."

"அவருக்குக் கண்ணு நல்லாருக்கான்னு கேட்டுட்டு வா, போ."

உள்ளே வந்தவரைப் பார்த்து மனைவி மணிமேகலை முறத்தைத் தட்டினாள். அவளுக்கு எல்லாம் தெரியும். "பன்னெண்டு பேரச் சுட்ட ஆளு, பெத்த அப்பன் ஒரு ஃபிளெக்ஸ் படிக்கப் போறார்ன்னு வேர்த்துக் கொட்டுறதப் பாரு."

"சும்மாரு. வயசான மனுசன். ஊருல அவரு சொன்ன கதைக்கு என்ன ஆவுறது? டீக்கடையில வம்புக்குன்னே உக்காந்துருக்குற செழியன் மாதிரி ஆளுங்க கேட்டா அவரு மொகத்த எங்க வச்சுப்பாரு? அதவிட... என்னத்தத் தூக்கமாட்டேன்னு அடி வாங்குனாரோ, அதையே மவன் போயி..."

"அதத்தாங்க சொல்றேன். ஃபிளெக்ஸ் சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லிடுங்க. அதுல ஒரு மரியாத இருக்கு."

போனார். கட்டில் பக்கத்தில் நின்றார். வேம்பு கண்ணைத் திறந்து, "என்னா தொர?" என்றார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் செம்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தார்.

நாலு மணிக்கு வேம்பு சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கைத்தடியோடு கிளம்பினார். பத்தடி பின்னால் செல்லதுரை. போன் சட்டைப்பையில் அதிர்ந்துகொண்டே வந்தது. மஸ்கட்.

"வாங்க பெரியவரே" என்றார் மீரா உசேன், ஆற்றிக்கொண்டிருந்த டீயோடு. "எதுக்க பாருங்க, உங்க புள்ள எப்படி நிக்கிறாருன்னு."

வேம்பு ரோட்டைக் கடந்துபோய் ஃபிளெக்ஸின் முன்னால் நின்றார். முதலில் படத்தைப் பார்த்தார். "துப்பாக்கி நல்லா விழுந்துருக்கு" என்றார் திருப்தியாக. பிறகு கைத்தடியை உயர்த்தி, முதல் எழுத்தின் கீழே வைத்தார். டீக்கடை பெஞ்சில் இருந்த நாலைந்து பேரும் திரும்பினார்கள்.

"கார்...கில் போ...ரில். கா...யம் பட்...ட வீ...ர...ர்க...ளை."

தடி நகர்ந்தது.

"ஸ்...ட்...ரெச்...ச...ரில் வை...த்துத் தூ...க்...கிச்."

தடி நின்றது. செல்லதுரை ரோட்டின் இந்தப் பக்கமே நின்றுவிட்டார். வேம்பு அந்தச் சொல்லை மறுபடி படித்தார், இந்தத் தடவை வேகமாக. அப்புறம் திரும்பிப் பார்க்காமல், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஹஃப்ஸா டீச்சர் ரொம்ப விஸ்தாரமாகத்தான் எழுதியிருந்தார். ஏழு வீரர்கள். குண்டு மழை. மூன்று மணி நேரம். பெஞ்சில் யாரும் டீயை உறிஞ்சவில்லை.

"மற்...றவர்கள் இ...ளைப்...பாறிய இடத்...திலும், ஒரு மு...றைகூட ஸ்ட்ரெச்...சரைக் கீ...ழே இற...க்காமல்..."

படித்து முடித்தார். நிகழ்ச்சி நடக்கும் நேரத்தையும், கடைசி மூலையில் இருந்த ஆஸிமின் செல்போன் நம்பரையும்கூட விடவில்லை. பிறகுதான் திரும்பினார்.

"தொர. இங்க வா."

போனார்.

"இது நீயா?"

"நாந்தாம்ப்பா."

"தூக்குனியா?"

"தூக்குனேன்."

"கேட்டாங்களா, இழுத்துக்கிட்டுப் போனாங்களா?"

இப்படி ஒரு கேள்வியை செல்லதுரை எதிர்பார்க்கவில்லை. யோசித்துத்தான் சொன்னார். "மொத தடவ ஆர்டர். அது எல்லாருக்கும் உண்டு. ரெண்டாந்தடவ மேல போக யாரு வர்றான்னு கேட்டாங்க. கை தூக்குனேன்."

"மாட்டேன்னு சொல்லியிருக்கலாமா?"

"சொல்லியிருக்கலாம். சொன்னவங்களும் இருந்தாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல."

"ம்." வேம்பு தடியை ஊன்றிக்கொண்டார். "உசுரோடவா?"

"உசுரு இருந்தாத்தான் எங்க கையில குடுப்பாங்க."

"ஒரு தூக்குக்கு எத்தன பேரு?"

"நாலு."

"மலையிலயா? நாலு பேரு எந்த மூலைக்குடா பத்தும்? தோளு அத்துப் போயிருக்குமே. ஏன் எறக்கல? எல்லாரும் எறக்குனாங்கன்னு எழுதியிருக்கே. எறக்கி மூச்சு வாங்குறதுக்கு என்ன?"

பெஞ்சு முழுவதும் பதிலுக்காகக் காத்திருந்தது. வீரம், கடமை என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். செல்லதுரைக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை.

"மனசு வரலப்பா. நடுவழியில எறக்குனா... அப்பறம் திருப்பித்தான தூக்குவாங்க."

வேம்பு அவரைப் பார்த்தபடியே நின்றார். என்னவோ தொண்டையில் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. செல்லதுரை பயந்துபோய்க் கையைப் பிடித்தார். அது சிரிப்பு. வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, தடி கையிலிருந்து நழுவ, நடுரோட்டில் நின்று சிரித்தார். மீரா உசேன் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"அட கிறுக்குப் பயலே! அங்க போயி, அந்தப் பனியில... அத எங்கடா பாத்த நீ?"

"முக்கூட்டுல. சின்னதுல."

"அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தேனே!"

"அதான் பனமரத்துக்குப் பின்னாடி நின்னு பாத்தேன்."

மறுபடி சிரிப்பு. பெஞ்சில் கொண்டுவந்து உட்கார்த்தினார்கள். தண்ணீர் குடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதும் வேம்புவின் குரல் மாறியது, வாய்க்கால் வெட்டைப் பற்றிப் பேசும்போது வருகிற குரல்.

"தோளு எப்புடி மாத்துனீங்க?"

"நடந்துகிட்டே."

"முன்னாடி ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மாத்தக்கூடாது."

"இல்லப்பா. முன்னாடி இடதும் பின்னாடி வலதும் மொதல்ல. குறுக்க."

"ஆங். குறுக்க. எறக்கத்துல?"

"எறக்கத்துல கால்மாடு முன்னாடி."

"உசரமானவன எங்க விட்ட?"

"முன்னாடி."

"சரிதான். எறக்கத்துல உசரமானவன் முன்னாடிதான்." வேம்பு எதிரே இருந்தவரிடம் திரும்பி, கைத்தடியைத் தோளில் வைத்து, மடங்கிய விரல்களால் அதைப் பிடித்துக் காட்டினார். "மாத்தும்போது கழுத்த இப்புடிக் குடுக்கணும். கையால தூக்கி மாத்துனா ஆடிப்புடும்." ஐம்பத்தேழு வருஷமாக அந்த வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

பெஞ்சின் ஓரத்தில் இருந்த செழியனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "எல்லாஞ்சரி பெரியவரே. அப்ப அந்தப் பன்னெண்டு பேரு?"

"எந்தப் பன்னெண்டு?"

"சுட்டாருன்னு சொன்னீங்களே."

வேம்பு அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஏழு பேரு உசுரோட வந்து சேந்துருக்கான்னு படிக்கிறேன். உனக்குப் பன்னெண்டு பொணம் கேக்குதா? டீயக் குடிடா, ஆறுது."

கடையே சிரித்தது, செழியன் உட்பட. செல்லதுரை பெஞ்சில் இடம்பிடித்து உட்கார்ந்தார். காலையிலிருந்து ஒரு வாய் டீ உள்ளே போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு டீயும் ஒரு சமோசாவும் சாப்பிட்டார். அதிர்ந்துகொண்டிருந்த போனை எடுத்து, "தாத்தா சிரிக்கிறாரு" என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் எழில் அழுதது கேட்டது. "சிரிக்கிறாருன்னுதான சொல்றேன், அதுக்கு ஏன் அழுவுற?"

அத்தோடு விட்டிருக்கலாம். மனுஷனுக்கு ஒரு பாரம் இறங்கிவிட்டால் மிச்சத்தையும் இறக்கிவிடத் தோன்றுகிறது. வீடு திரும்பும்போது வாய்க்கால் பாலத்தில் அப்பாவை நிறுத்தினார்.

"அப்பா. அந்த ஃபிளெக்ஸ்ல இல்லாத ஒண்ணு இருக்கு. ஸ்ட்ரெச்சரு சண்டையில மட்டுந்தான். மத்த நாளுல நான் பேண்டுல இருந்தேன். டிரம் அடிச்சேன். பதினாறு வருசம்."

வேம்புவின் முகத்திலிருந்த சிரிப்பு வற்றியது.

"மேளமா?"

"ஆமா."

"அது அந்தத் துணியில எழுதலியே. எதுக்கு எங்கிட்ட சொல்ற?"

"உங்களுக்குத் தெரியாம இன்னும் ஒண்ணு இருக்க வேணாம்னுதான்."

"சாவுக்கு அடிச்சியா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. "அடிச்சேன். எங்காளுங்க சாவுக்கு. டிரம்முக்கு கறுப்புத் துணி சுத்தி அடிப்போம். நான் தூக்கிட்டு வந்தவங்கள்ல ஒருத்தன், ஹரிதாஸ்னு பாலக்காட்டுப் பையன், ரெண்டாம் நாளு ஆஸ்பத்திரியில போயிட்டான். அவனுக்கும் நாந்தான் அடிச்சேன்."

வேம்பு வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நடந்தார். வழியிலிருந்த எந்தப் பலகையையும் படிக்கவில்லை. சாப்பிட்டதும் கட்டிலில் போய்த் திரும்பிப் படுத்துக்கொண்டார். மணிமேகலை கண்ணாலேயே கேட்டாள், செல்லதுரை கையை விரித்தார். மறுநாள் வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் போயிற்று. மாத்திரை அட்டையைக்கூடப் படிக்காமல் விழுங்கினார்.

சனிக்கிழமை காலை, கூப்பிடலாமா வேண்டாமா என்று செல்லதுரை தயங்கிக்கொண்டிருந்தபோது, வேம்பு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியின் பின்சீட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் முன்வரிசை நாற்காலியில் அவரை உட்காரவைத்தார் ஹஃப்ஸா. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, டீச்சர் சான்றை மைக்கில் வாசித்தார். ஸ்ட்ரெச்சர் வரும் இடத்தில் வேம்பு பக்கத்து நாற்காலிக்காரரிடம் என்னவோ திருத்தம் சொன்னார், தோள் மாற்றுவதைப் பற்றியாக இருக்கும். பிறகு பிள்ளைகள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். பனி எவ்வளவு ஆழம், பயமாக இருந்ததா, பசவராஜ் மாமா இப்போது எப்படி நடக்கிறார் என்றெல்லாம் கேட்டார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து கைகட்டி நின்றாள்.

"சார், சண்டை இல்லாதப்ப மிலிட்டரியில நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

செல்லதுரை மைக்கைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையைப் பார்த்தார். பயிற்சி என்று சொல்லிவிடலாம். காவல் என்று சொல்லலாம்.

"சொல்லேன்டா" என்றார் வேம்பு நாற்காலியிலிருந்தே, சத்தமாக. "புள்ள கேக்குதுல்ல?"

"பேண்டுல டிரம் அடிச்சேம்மா" என்றார் செல்லதுரை.

"மேளமா சார்?"

"ஆமா. மேளம்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். வேம்பு கைதட்டவில்லை. ஜன்னல் வழியாக வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் எழுந்து போகவும் இல்லை. கொஞ்சம் கழித்து, தனக்குக் கொடுத்த மிட்டாயின் காகிதத்தைப் பிரித்து, அதில் இருந்ததை மெதுவாக, வாய்விட்டு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார்.